யாரு தள்ளினது?

பீர்க்கன்கரணை
26.7.2025, சனி

தேவி,

'அன்புள்ள' என்று எழுதி அடித்தேன். அடித்தது தெரிய வேண்டாம் என்று வேறு தாள் எடுத்திருக்கிறேன்.

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சமாதானம் சொல்வேன், விஷயம் அங்கேயே அமுங்கிவிடும். மூன்று வருஷமாக அப்படித்தானே நடக்கிறது. அதனால்தான் காகிதம். வேன் ஓட்டும் கிட்டு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். காலையில் செம்பாக்கம் வரும்போது உன்னிடம் கொடுத்துவிடுவார்.

நடந்தது உனக்குத் தெரியும். நான் பார்த்தது என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். போன வெள்ளிக்கு முந்தைய வெள்ளி, பதினொரு மணிக்கு, நான் பாத்ரூமில் ஒரு பையனுக்கு டிரவுசர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆயா அன்றைக்கு லீவு. சக்கரப் பலகையை ஹாலின் மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனேன். "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாய். அலறல் கேட்டு ஓடி வந்தால் பலகை வாசல் சரிவின் அடியில் கிடக்கிறது, அதன் கீழே ஸ்ம்ருதியின் கால். ஸ்கூட்டர் ஏற்றுகிற அந்தச் சரிவுப் பக்கம் பலகையைக் கொண்டுபோகவே கூடாது என்று முதல் நாளே பேசி வைத்தோம். நீ மேலே நின்றாய், கையில் ஃபோன். நான் மண்டி போட்டுப் பலகையைத் தூக்கும்போதுதான் ஜெரூஷா மேடம் ஆபீஸ் ரூமிலிருந்து வந்தார். பலகையில் இருந்தது என் கை.

அப்போதும் நான் பயப்படவில்லை. நீ சொல்லிவிடுவாய் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. உன் வாயால் வரட்டும் என்று இருந்தேன், முட்டாள்.

திங்கட்கிழமை ஸ்ம்ருதியின் அப்பா பத்ரிநாராயணன் வந்து, குழந்தைகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டார். "பலகைய யாரு தள்ளினது கண்ணா?" அன்றைக்கு வந்திருந்த பதினான்கு குழந்தைகளும் ஒரே குரலில் "நித்யா மிஸ்!" என்றார்கள். சொல்லிவிட்டுக் கையும் தட்டினார்கள். ஸ்ம்ருதியிடம் வீட்டில் கேட்டபோது அவளும் அதையேதான் சொன்னாளாம்.

சொல்லாமல் என்ன செய்வார்கள்? மூன்று வாரம் தினமும் அதைத்தானே சொல்லவைத்தோம். நான் ஒரு பக்கம், நீ எதிர்ப்பக்கம் கயிற்றோடு, நடுவில் பலகைமேல் பொரி மூட்டை. "யாரு தள்றது?" "நித்யா மிஸ்!" "யாரு இழுக்கறது?" "தேவி மிஸ்!" அப்புறம் கைதட்டல். தள்ளினால் நம்மை விட்டுப் போகும், இழுத்தால் நம்மிடம் வரும் என்பது மூன்றரை வயதுக்கு ஏற வேண்டுமானால் ஆளை வைத்துத்தான் ஏறும் என்று நாம்தான் கண்டுபிடித்தோம். ஆள் மாறினால் குழம்புகிறார்கள் என்று கடைசிவரை மாற்றாமலே வைத்தோம். அவ்வளவு பெருமை நமக்கு.

"சார், இது பாட்டு மாதிரி. பழக்கத்துல சொல்றாங்க" என்றேன். அவர் உன்னைத் திரும்பிப் பார்த்து, "அப்படியா மேடம்?" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அன்று மாலையே மேடம் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

நீ தள்ளியதை நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லி ஒருத்தி பெயரைக் கெடுக்க எனக்கு வராது. நீதான் சொல்ல வேண்டும். மேடமிடம் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்.

நித்யஸ்ரீ


செம்பாக்கம்
30.7.2025

நித்யா அக்காவுக்கு,

தேவி எழுதுகிறேன். காகிதத்தில் எழுதியது நல்லதாகப் போயிற்று. என் வீட்டுக்காரர் என் ஃபோனை எடுத்துப் பார்ப்பார், உங்களுக்குத் தெரியும்.

ஸ்ம்ருதி நன்றாக இருக்கிறாள். கால் எலும்பில் லேசான விரிசல்தானாம். நாலு வாரம் கட்டு. கட்டின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் யானை வரைந்திருக்கிறாளாம். பலகையை மேடம் மொட்டைமாடியில் போடச் சொல்லிவிட்டார். தள்ளுவது இழுப்பது பாடம் இனி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இப்போது வண்ணங்கள் எடுக்கிறேன். உங்கள் இடத்துக்கு ஆள் இன்னும் வரவில்லை. இருபது குழந்தைகளைத் தனியாகப் பார்க்கிறேன், இடுப்பு விட்டுப்போகிறது.

அக்கா, நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பெயரை நான் சொன்னேனா? குழந்தைகள்தானே சொன்னார்கள். எனக்கு அந்த நேரத்தில் நாக்கே எழவில்லை. எப்படி நடந்தது என்று இப்போது யோசித்தாலும் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. பலகை தானாகவே உருண்டிருக்கலாம். நாலு சக்கரம் இருக்கிற சாமான், சொல்ல முடியாது.

உங்களுக்கு இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்குப் பத்து வருஷ அனுபவம் இருக்கிறது. உமேஷ் சார் வேலைக்குப் போகிறார், தங்கமான மனுஷன். எந்த ஸ்கூலில் போய் நின்றாலும் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். என் நிலைமை அப்படி இல்லை.

நீங்கள் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியையும் டிபன் டப்பாவையும் கிட்டு அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். டப்பாவில் எள்ளுருண்டை இருக்கிறது. அம்மா செய்தது.

தேவி


பீர்க்கன்கரணை
5.8.2025

தேவி,

எள்ளுருண்டையைக் கிட்டுவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

பலகை தானாக உருண்டது என்று எழுதியிருக்கிறாய். என்னிடமா? சமமான தரையில் வைத்த பொருள் யாராவது தள்ளாமல், இழுக்காமல் நகராது என்று நீயும் நானும் தொண்டை கிழியச் சொல்லித்தந்தோம். ஒரு நாள் முழுக்க நாற்காலியின் முன்னால் குழந்தைகளை உட்காரவைத்து, "தானா நகருதா பாரு" என்று காக்கவைத்தவள் நீ. கவிழ்த்து வைத்த பலகை தானே நிமிர்ந்து, ஹாலைத் தாண்டி, வாசலுக்குப் போய்ச் சரிவில் இறங்கியதா? மூன்றரை வயதுக் குழந்தைகூட உன்னைப் பார்த்துச் சிரிக்கும்.

எந்த ஸ்கூலிலும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள் என்றாயே, கேள். சனிக்கிழமை படப்பையில் ஒரு ஸ்கூலுக்குப் போனேன். தாம்பரத்தில் பஸ் பிடித்து ஒன்றேகால் மணி நேரம் நின்றுகொண்டே போனேன். அந்தத் தலைமையாசிரியைக்கு என்னைப் பிடித்திருந்தது. அறைக் கதவைக் காட்டி, இதை வைத்துக் குழந்தைகளுக்குத் தள்ளுவதை எப்படிச் சொல்லித்தருவீர்கள் என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினேன். திங்கட்கிழமையே வாருங்கள் என்றார். ஞாயிறு மாலை ஃபோன். ஜெரூஷா மேடமிடம் விசாரித்தாராம். "குழந்தைக்கு எலும்பு உடைஞ்ச விஷயம் ஒண்ணு இருக்காமே மேடம். நீங்க அத சொல்லலையே" என்றார். அந்த ஒரு வாக்கியம் முன்னால் போய் நிற்கிற எந்த ஸ்கூலிலும் இனி எனக்கு இடம் இல்லை.

வீட்டுக்குப் பக்கத்துக் காய்கறிக் கடையில் போன மாதம் வரை "டீச்சர், டீச்சர்" என்று கொத்தமல்லி கொசுறு கொடுத்த அம்மா, நேற்று தன் பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார். ஆனாலும் அப்படியே தக்காளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் அழுதேன். உமேஷ் டிவியை நிறுத்தினார்.

நீ அன்றைக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாய். ஃபோனை நீட்டிப் பிடித்திருந்த கையை நான் பார்த்தேன். அந்த வீடியோ எங்கே?

நித்யஸ்ரீ


செம்பாக்கம்
8.8.2025

அக்கா,

வீடியோ இல்லை. அன்றைக்கே அழித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில். நீங்கள் ஸ்ம்ருதியை மடியில் வைத்துக்கொண்டு அவள் காலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் இருந்துதான் அழித்தேன்.

அவர் என்னை வேலைக்கு அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்பினார் என்று உங்களுக்குத் தெரியாது. "உங்கப்பா பில்டிங்குல ஸ்கூல் நடக்குது, அதனால போறதுக்கு சரின்றேன். வூட்டாண்ட எவனாச்சும் வந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் சொன்னான்னு வையி, அன்னியோட வூட்ல குந்திக்க" என்றார். எங்கள் வீட்டில் டிரெய்னிங் முடித்து வேலைக்குப் போன முதல் பெண் நான். எனக்குப் பின்னால் என் தங்கை காத்துக்கொண்டிருக்கிறாள்.

என்னால் முடியாது அக்கா. கேட்காதீர்கள். கால் ஆறிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

தேவி


பீர்க்கன்கரணை
12.8.2025

தேவதர்ஷினி,

இன்று காலை உன் போன கடிதத்துக்குப் பதில் இல்லை என்று கிட்டுவிடம் சொன்னேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"இன்னா டீச்சர், ரெண்டு பேரும் இப்டி பேஜார் பண்ணிகினு. தேவி டீச்சர் உனுக்கோசரம் தான் பேசிச்சு. அந்த அப்பாக்காரன் வந்தான் பாரு, அன்னிக்கி நான் கேட்டாண்ட வண்டிய தொடச்சிகினு இருந்தேன். இது ஓடியாந்து சொல்லுது, 'சார், நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க, பசங்களையே கேளுங்க. பலகைய யாரு தள்ளினாங்கன்னு கேளுங்க, அதுங்க பொய் சொல்லாது'ன்னு. உன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சி தான டீச்சர் அப்டி சொல்லிச்சு?"

ஆமாம் கிட்டு என்றேன். வேறென்ன சொல்வேன்?

இத்தனை நாளாக நீ பயந்துபோய் வாயடைத்து நின்றாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் இருந்தாலும் அடியில் ஒரு பரிதாபம் இருந்தது உன்மேல். சின்னப் பெண், பயந்துவிட்டாள் என்று. நீ பயப்படவில்லை. யோசித்திருக்கிறாய். வெள்ளியிலிருந்து திங்கள்வரை உட்கார்ந்து யோசித்து, எந்தக் கேள்வியைக் கேட்டால் எந்தப் பதில் வரும் என்று கணக்குப் போட்டு, அவர் உள்ளே வருவதற்கு முன்னால் வாசல் கேட்டுக்கே ஓடிப்போய் அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்திருக்கிறாய். 'என்ன நடந்தது' என்று கேட்கச் சொல்லவில்லை. 'யார் தள்ளினார்கள்' என்று கேட்கச் சொன்னாய். பாதி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் குழந்தைகள் என் பெயரைத்தான் சொல்வார்கள் என்று இந்த உலகத்திலேயே உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

கூட இருந்தே குழி பறித்தாய். அதுவும் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்தே. அந்தக் குழந்தைகளை வைத்து. அதை எப்படியம்மா செய்ய முடிந்தது உன்னால்?

நித்யஸ்ரீ


செம்பாக்கம்
18.8.2025

அக்கா,

ஆறு நாளாக எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

ஆமாம். நான்தான் கேட்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அந்த யோசனை வந்தது. வந்ததும் எனக்கே பயமாக இருந்தது. ஆனால் பத்ரிநாராயணன் சார் காரை விட்டு இறங்கியதும் கால் தானாக ஓடியது. இல்லை, தானாக என்று எழுதக் கூடாது. நான்தான் ஓடினேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டு என்னைக் காறித் துப்புங்கள். போன மாதப் பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் வந்து, "நித்யா மிஸ் பாடம் சூப்பர், வீட்ல பிரிட்ஜ் கதவைக்கூட இழுக்கறேன்னு சொல்லித்தான் தொறக்கறான்" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் குனிந்து இழுத்தவளை ஒருத்தரும் பார்க்கவில்லை. பலகைக்குச் சக்கரம் வாங்க தாம்பரம் மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கியதும் நான்தான். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை அக்கா. சிரித்துக்கொண்டு தலையாட்டினீர்கள்.

அன்றைக்கு நீங்கள் பாத்ரூம் போனதும், இன்றைக்கு நானும் ஒரு தடவை தள்ளிப் பார்க்கலாம் என்று தோன்றியது. சரிவில் விட்டால் வேகமாகப் போகும், குழந்தைகள் கத்துவார்கள், வீடியோ நன்றாக வரும், குரூப்பில் போடலாம் என்று நினைத்தேன். ஒரு கையால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினேன். தள்ளியது கையை விட்டுப் போனபிறகு நம்மால் நிறுத்த முடியாது என்பதை நாம் அவர்களுக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. அது அடுத்த வாரப் பாடம். ஸ்ம்ருதி பிடிக்கலாம் என்று நினைத்துக் குறுக்கே ஓடினாள்.

இத்துடன் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்: '18.7.2025 அன்று சக்கரப் பலகையைச் சரிவில் தள்ளியது நான். அப்போது திருமதி நித்யஸ்ரீ அங்கே இல்லை. குழந்தைகள் சொன்னது பாடத்தில் பழகிய பதில். தேவதர்ஷினி சக்திவேல்.'

இதைப் படப்பை ஸ்கூலில் காட்டுங்கள். அவர்கள் ஃபோன் செய்தால் நானே பேசுகிறேன். ஒரே ஒரு வேண்டுதல். படப்பைக்கு மட்டும். அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. இங்கே யாருக்கும் காட்டாதீர்கள். பெற்றோர் குரூப்பில் அவருடைய அண்ணி இருக்கிறார். நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடும். பெற்ற பிள்ளைமேல் ஆணையாகக் கேட்கிறேன்.

தேவி


பீர்க்கன்கரணை
22.8.2025, வெள்ளி

தேவி,

இதைப் படித்து முடித்ததும் உன் வீட்டுக்காரரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. ஏன் என்று எழுதுகிறேன்.

உன் தாளைப் புதன்கிழமை படப்பைக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா இரண்டு தடவை படித்தார். உன்னிடம் ஃபோனில் பேசினார் என்றும் சொன்னார். நீ ஒன்றையும் மறைக்கவில்லையாம். செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார். நீ கேட்டுக்கொண்டது அதோடு முடிந்தது. நான் கேட்டதும் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

நீ சொன்னது சரிதான், பெற்றோர் கூட்டத்தில் உன் பெயரை நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு. அந்தத் தப்புக்கு இதுவா தண்டனை என்று நேற்று முழுக்க எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். படப்பையில் வேலை கிடைத்துவிட்டது. ஆனால் நான் குடியிருப்பது படப்பையில் இல்லையே. காய்கறிக் கடையும் ஏரிக்கரையும் இங்கேதான் இருக்கின்றன. இங்கே நான் ஒரு குழந்தையின் காலை உடைத்தவள்.

இன்று மாலை தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பத்ரிநாராயணன் வீட்டுக்குப் போனேன். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். ஸ்ம்ருதி கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஓடி வரப் பார்த்தாள். அவள் அம்மா பிடித்துக்கொண்டாள். அவர் தாளைப் படித்தார். முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "உள்ள வாங்க மேடம், உக்காருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் மனைவி காப்பி கொடுத்தாள், பிறகு ஸ்ம்ருதியைக் கொண்டுவந்து என் மடியில் உட்காரவைத்தாள். அதற்கு மேல் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

நான் அழுது முடித்ததும் அவர் ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "அன்னிக்கி உங்க பேர குரூப்ல போட்டது நான்தான் மேடம். இதையும் நானே போட்டாதான் நியாயம். ஞாயித்துக்கிழமை காலைல போட்டுடறேன். உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

உன் ஆணை ஞாபகம் வந்தது. உன் பெண், உன் தங்கை, அந்த அண்ணி எல்லாம் ஞாபகம் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் போட்டிருக்க மாட்டார், நல்ல மனுஷன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மீதிக் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

நித்யஸ்ரீ